ஒன்பதாவது வளைவு வரை

ஜூன் 3

டிரைவர் அவர்களுக்கு,

இப்படி ஆரம்பித்திருப்பதைப் பார்த்துச் சுருக்கென்று இருந்தால் இருக்கட்டும். வீட்டுக்காரர் என்று எழுத மனம் வரவில்லை. வீட்டுக்காரர் என்றால், பெண்டாட்டி தனியாக இருக்கும் இடத்தை ஒரு தடவையாவது வந்து எட்டிப் பார்த்திருப்பார்.

இந்த மலை ஆஸ்பத்திரிக்கு நான் வந்து பத்து மாதம் ஆகிறது. எட்டு முறை இறங்கி வந்திருக்கிறேன். இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. கையில் எலுமிச்சம்பழம், மடியில் பிளாஸ்டிக் பை. குடலே வெளியே வந்துவிட்டது போல வாசலில் வந்து நிற்பேன். நீங்கள் "வந்துட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொள்வீர்கள். முப்பத்தொரு வருஷம் அதே வளைவுகளில் பஸ் ஓட்டிய மனிதர், ஒரே ஒரு தடவை பயணியாக ஏறி வந்தால் குறைந்தா போய்விடுவார்?

போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துகிறோம். பிறகு நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். உங்கள் பழைய மலை வண்டிக் கண்டக்டர் அண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

விஷயம் இதுதான். இன்னும் மூன்று வருஷம் இருக்க முடியுமா என்று இங்கே கேட்கிறார்கள். ஜூலை மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். நீங்கள் வந்து என் அறையைப் பாருங்கள், பிரசவ வார்டைப் பாருங்கள். பார்த்துவிட்டு "வேணாம், வா" என்று சொன்னால் அன்றைக்கே பெட்டியைக் கட்டுகிறேன். அங்கே உட்கார்ந்துகொண்டே சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

நான் கிளம்பிய அன்று என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைகூட நீங்கள் வரவில்லை. அதையும் மறக்கவில்லை.

இப்படிக்கு,
நர்ஸ்


ஜூன் 8

நர்சம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கண்டக்டர் அதைக் கோர்ட்டு நோட்டீஸ் போல இரண்டு கையாலும் நீட்டினான். படித்ததும் அப்படித்தான் இருந்தது.

வரக்கூடாது என்று எனக்கு என்ன வேண்டுதலா? குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. குழாய்க்காரர் இரண்டு வாரமாக "நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் இல்லாத நேரம் பார்த்து வந்துவிட்டுப் போனால் அப்புறம் அவரைப் பிடிக்க முடியாது. பக்கத்து வீட்டார் ஊருக்குப் போகும்போது சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். முழங்கால் வேறு மழைக்காலத்தில் மக்கர் பண்ணுகிறது.

நீ வேலை பார்த்தது போதாதா? முப்பத்தொரு வருஷம் பார்த்தாய். ரிட்டயர் ஆனதும் இரண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருப்போம் என்று நான் நினைத்திருந்தேன். சும்மா இருக்க ஒரு ஆள் போதாது, இரண்டு பேர் வேண்டும் என்று உனக்குத் தெரியவில்லை. நான் ஒருவனே சும்மா இருந்து இருந்து அலுத்துப்போய்விட்டேன்.

இந்த மாதமும் நீயே வந்துவிடு. உன் தலையணை உறையைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
டிரைவர்


ஜூன் 12

குழாய்க்கும் சாவிக்கும் காவல் இருப்பவருக்கு,

நேற்று உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் கண்டக்டர் அண்ணன் வார்டு வாசலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "சார் என்னதான் எழுதுறார் தங்கச்சி?" என்று கேட்டார். குழாய் ஒழுகுகிறதாம் என்றேன். மனுஷன் வாய் தவறி, "அது சரி, ஏப்ரல்ல பையத் தூக்கிட்டு நம்ம வண்டியிலதானே ஏறினார், அப்ப ஒழுகலையா?" என்று கேட்டுவிட்டார். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் மேலே கேட்கப் போனேன். வண்டி கிளம்ப நேரமாயிற்று என்று ஓடியே போய்விட்டார்.

ஏப்ரலில் பையோடு வண்டி ஏறிய மனிதர் என்னிடம் வந்து சேரவில்லையே. எங்கே போனீர்கள்? யாரைப் பார்க்கப் போனீர்கள்? சந்தேகப்படுகிற வயசில்லை எனக்கு. ஆனாலும் நேற்று டியூட்டியில் ஒரு பெண்ணுக்கு ஊசி போட மறந்து, பெரிய நர்ஸ் வந்து ஞாபகப்படுத்தினார். இத்தனை வருஷத்தில் நான் ஊசி மறந்ததில்லை.

என்னை முதன்முதலில் பார்த்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். இருபத்தாறு வயது. வேலை கிடைத்துப் புது யூனிபாரம் போட்டு, உங்கள் பஸ்ஸில் மூன்றாம் சீட்டில் உட்கார்ந்து இதே ஆஸ்பத்திரிக்கு முகாமுக்கு வந்தேன். பதினோராவது வளைவில் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தேன். நீங்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள். டிரைவரே சிரித்ததும் வண்டி முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு சிரித்தவரையே கட்டிக்கொண்டேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

உண்மையை எழுதுங்கள். இல்லையென்றால் எழுதாதீர்கள்.


ஜூன் 19

அன்புள்ள உனக்கு,

ஒரு வாரமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். எழுதிவிடுகிறேன். குழாய் ஒழுகவில்லை. வாஷர் போனதும் அன்றைக்கே மாற்றிவிட்டேன். முழங்காலும் நன்றாக இருக்கிறது.

எனக்கு பஸ்ஸில் போனால் வாந்தி வருகிறது.

மேலே இருக்கிற வரியை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஒன்றும் இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தவனுக்கு எங்கே வரும்? நீ வேலைக்குக் கிளம்பிப் போன மாதம், டவுன் பஸ்ஸில் பென்ஷன் ஆபீஸுக்குப் போனேன். ஆறாவது ஸ்டாப்பில் தலை சுற்றி, வாயில் உப்புத் தண்ணீர் ஊறியது. காலையில் சாப்பிட்டது சேரவில்லை என்று நினைத்தேன். அடுத்த தடவை ஆட்டோவில். அதற்கடுத்து மச்சான் காரில், பின் சீட்டில். டாக்டரிடம் போனேன். காதுக்குள்ளே நிதானத்தைப் பார்த்துக்கொள்கிற பாகம் ஒன்று இருக்கிறதாம், வயசாக ஆக அது மந்தமாகிவிடுகிறதாம். கண் ஒன்று சொல்கிறது, காது ஒன்று சொல்கிறது, நடுவில் வயிறு பஞ்சாயத்து பண்ணுகிறது. "ஓட்டும்போது அடுத்த வளைவு உங்க உடம்புக்கு முன்னாடியே தெரியும் சார், உக்காந்து வரும்போது வந்த பிறகுதான் தெரியும்" என்றார். அது எனக்கு நன்றாகப் புரிந்தது. நீ மலைக்குப் போகிற விஷயமும் எனக்கு அப்படித்தானே, வந்த பிறகுதான் தெரிந்தது.

ஏப்ரல் பதினேழு. உன் பிறந்தநாளுக்குச் சொல்லாமல் வந்து நிற்கலாம் என்று கிளம்பினேன். நாலாவது வளைவு வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. உனக்கு வாங்கியிருந்த துணியை வெளியே எடுத்து மடியில் வைத்துவிட்டு, அந்தக் கடைப் பையிலேயே வாந்தி எடுத்தேன். வண்டியில் பாதிப் பேர் என்னைத் தெரிந்தவர்கள். யாரோ பின்னாலிருந்து, "நம்ம டிரைவரா? இந்த ரோட்டுலயா?" என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அங்கேயே இறங்கி நடந்து வந்துவிட்டேன். கண்டக்டரிடம் சத்தியம் வாங்கினேன். உன்னிடம் எப்படிச் சொல்வேன்? வேறு யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிவிடுவேன். மூன்றாம் சீட்டுக்காரியிடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

வர ஆசையில்லாமல் இல்லை. தினமும் ஏழு மணி வண்டி கிளம்புவதைப் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.


ஜூன் 23

என்னங்க,

மருந்து அறையில் நின்றபடியே படித்தேன். முதலில் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன், வாய்விட்டுச் சிரித்தேன். துணியை மடியில் வைத்துக்கொண்டு என்று வந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அப்படியென்ன மானம் போகிறது? பத்து மாதமாக நான் வேண்டாதவளாகிவிட்டேன் என்று நினைத்து நினைத்துக் கரைந்தேன். உங்கள் வயிற்றை மறைக்க என் நிம்மதியைக் கெடுத்தீர்கள். இந்தக் கோபம் இப்போதைக்குப் போகாது. ஓரமாக இருக்கட்டும்.

இந்த விஷயத்தில் நான் உங்களுக்கு முப்பத்திரண்டு வருஷம் சீனியர். சொல்வதைக் கேளுங்கள்.

வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், வயிறு முட்டவும் ஏறாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு துண்டு ரொட்டி, எண்ணெய் கூடாது. டீயைக் குடித்துவிட்டு ஏறும் பழக்கத்தை விடுங்கள். முன் சீட்டில் உட்காருங்கள், சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட் ஆகவே ஆகாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். பேப்பர் படிக்காதீர்கள், போனை எடுக்காதீர்கள். தூரத்தில் அசையாமல் இருப்பதைப் பாருங்கள். தலையை சீட்டில் சாய்த்துக்கொண்டால் ஆடாது. வாயில் ஒரு துண்டு இஞ்சி. மாத்திரை இருக்கிறது, ஆனால் உங்கள் பிரஷர் மாத்திரையோடு ஒத்துப்போகுமா என்று டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது, தூக்கமும் வரும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், பழக்க வேண்டும். முதல் நாள் டவுன் பஸ்ஸில் இரண்டு ஸ்டாப். சரியாக இருந்தால் மறுநாள் மூன்று. குமட்டல் ஆரம்பித்ததும் வீரம் காட்டாமல் இறங்கிவிடுங்கள். பிரசவ வலியில் வருகிற பெண்களிடம் சொல்வதையே உங்களிடமும் சொல்கிறேன். மூச்சை மெதுவாக விடுங்கள், எண்ணிக்கொண்டே விடுங்கள்.

துணி என்ன நிறம்?


ஜூலை 6

அன்புள்ள சீனியருக்கு,

நீலம். நீ நீலம் உடுத்தி நாளாயிற்று.

இரண்டு வாரப் பரீட்சையின் மார்க் இதோ. முதல் நாள் இரண்டு ஸ்டாப், பாஸ். மூன்றாம் நாள் நாலு ஸ்டாப், பாஸ். ஐந்தாம் நாள் பஸ் ஓட்டுகிறவர் ஒரு திருப்பத்தில் கியரைக் குறைக்காமலே திரும்பினார், ஃபெயில். இஞ்சி கடித்துக் கடித்து நாக்கு மரத்துப்போய்விட்டது. அன்றைக்கு லீவு போட்டுக் கூட வந்த கண்டக்டர் என் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிவிட்டு, "சார், நீங்க வாந்தி எடுத்தாலும் கம்பீரமா எடுக்கிறீங்க" என்கிறான். ஆறுதலாம்!

நேற்று தைரியமாக மலை வண்டியிலேயே ஏறினேன். நீ சொன்னபடி முன் சீட். ஜன்னல் திறந்திருந்தது, ரொட்டி, இஞ்சி, எல்லாம் சரி. ஆனால் ஐந்தாவது வளைவில் இறங்கிவிட்டேன். நீ சொன்ன எதையும் நான் விடவில்லை. எனக்கு என்னதான் ஆகிறது என்று தெரியவில்லை. இது தீராத கேஸோ என்னவோ.

வீட்டில் இரண்டு டம்ளர் கழுவி வைக்கிற பழக்கம் போகவில்லை. ஒன்றில்தான் குடிக்கிறேன். இரண்டையும் கழுவுகிறேன்.


ஜூலை 10

என்னங்க,

கண்டக்டர் அண்ணனை உட்கார வைத்து விசாரித்துவிட்டேன். இந்தத் தடவை சத்தியத்தையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு அவரே நடித்துக் காட்டினார். முன் சீட்டில் உட்கார்ந்து நீங்கள் ரோட்டைப் பார்க்கவில்லை. ஓட்டுகிறவர் கியர் போடுகிற கையைப் பார்க்கிறீர்கள். அவர் பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்னால் நீங்கள் தரையில் ஓங்கி மிதிக்கிறீர்கள். அதைவிடப் பெரிய தப்பு, நிமிஷத்துக்கு நாலு தடவை டிரைவர் தலைக்கு மேல் இருக்கிற கண்ணாடியைப் பார்க்கிறீர்கள். ஆடுகிற வண்டியில் ஆடுகிற கண்ணாடிக்குள் ஆடுகிற தலைகளைப் பார்த்தால் யாருக்குத்தான் குமட்டாது? எனக்கு அதைக் கேட்கும்போதே குமட்டியது.

வண்டியை ஓட்ட வேறு ஆள் இருக்கிறார். அதை அவரிடம் விட்டுவிடுங்கள். கண்ணாடியில் அப்படி என்னதான் இருக்கிறது உங்களுக்கு?

இங்கே என் அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலியில் மடித்த துணிகளை அடுக்கி வைத்திருந்தேன். போன வாரம் அவற்றை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேகம் ஜன்னல் வரைக்கும் வந்து நிற்கிறது. பேச ஆள் இல்லாமல் அதைப் பார்ப்பது கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் இருந்தால் மேகத்தைப் பார்க்க மாட்டீர்கள், ஜன்னல் கொக்கி சரியில்லை என்பீர்கள். அதைக் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.


ஜூலை 15

அன்புள்ளவளே,

கண்ணாடியில் என்ன இருக்கிறது என்று கேட்டாய். முப்பத்திரண்டு வருஷமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு நீ ஏறியதிலிருந்து நான் அந்தக் கண்ணாடியில் உன்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். மலை ரோட்டில் ஒரு டிரைவர் செய்யவே கூடாத காரியம் அது. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துப் பூ மாதிரி திருப்ப வேண்டும். நான் உன்னைப் பார்த்துவிட்டுக் கடைசி நேரத்தில் திடுக்கிட்டு ஒடித்து ஒடித்துத் திருப்பினேன். பத்து வளைவு அப்படித்தான் ஓட்டினேன். பதினோராவதில் நீ ஜன்னலுக்கு வெளியே குனிந்தாய். உன் வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. ஓட்டினவன்தான் கோளாறு.

 என் தப்பு வெளியே தெரிந்துவிட்டதோ என்று வெட்கம். என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பிப் பார்த்து அசடு வழியச் சிரித்தேன். வண்டி முழுக்க அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டது. நீயும்தான். அடுத்த மாதமே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கல்யாணத்துக்குப் பிறகாவது கேட்டிருக்கலாம். நாள் போகப் போக, சொல்வதற்கு லாயக்கில்லாத பழைய கதையாகிவிட்டது. நீ ஒவ்வொரு தடவை அதைச் சொல்லிக் காட்டும்போதும் நான் டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷம் அந்தக் கண்ணாடியை எப்போது பார்த்தாலும் முதலில் மூன்றாம் சீட்டைத்தான் பார்ப்பேன். யார் யாரோ உட்கார்ந்திருப்பார்கள். இப்போது பயணியாக ஏறினாலும் கண் அங்கேதான் போகிறது. அதை எப்படி நிறுத்துவது என்று உன் வைத்தியத்தில் இருந்தால் சொல்.

மன்னித்துக்கொள்.


ஜூலை 19

என்னங்க,

நாலு நாளாக உங்கள் கடிதம் யூனிபாரப் பையிலேயே இருக்கிறது. மடித்த இடம் கிழிய ஆரம்பித்துவிட்டது.

திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு வரி போதுமே, அதைச் சொல்ல ஒரு ஆயுசா வேண்டும்? நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன். வந்து பார்த்துவிட்டு "வா" என்றால் பெட்டியைக் கட்டுகிறேன் என்று எழுதினேனே, அது முழு உண்மை இல்லை. எனக்கு இங்கே இருக்கப் பிடித்திருக்கிறது. போன மாதம் மட்டும் பதினாலு குழந்தை என் கையில் பிறந்தது. கீழே நான் ரிட்டயரான கிழவி, இங்கே என்னைத் தேடி வருகிறார்கள். நீங்கள் வந்து "வா" என்று சொல்லிவிடுவீர்களோ என்றும் பயம், வராமலே இருந்துவிடுவீர்களோ என்றும் பயம்.

உங்களுக்காக இதை விட்டால் உங்கள் மேல் எரிந்து விழுவேன். இதற்காக உங்களை விட்டால், அதை என்னால் எழுதவே முடியவில்லை. அந்த மூன்று வருஷத் தாளில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

கண்ணாடி பார்ப்பதை நிறுத்த எனக்கு வைத்தியம் தெரியாது. நிறுத்த வேண்டும் என்று சொல்லவும் மனசில்லை.


ஜூலை 28
ஒன்பதாவது வளைவு டீக்கடை, பெஞ்சு

என் நர்சம்மாவுக்கு,

வண்டி டீக்கு நிற்கிற நேரத்தில் டீக்கடைக்காரரிடம் தாள் வாங்கி எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் ரோட்டைத் திட்டு.

எட்டாவது வளைவு வரை ஒன்றுமே இல்லை. எதிர் மலையில் ஒரு வெள்ளைப் பாறையைப் பிடித்துக்கொண்டு அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கால் இரண்டையும் சீட்டுக்கு அடியில் மடக்கிக்கொண்டேன். ஓட்டுகிறவர் ஓட்டட்டும் என்று விட்டேன், அது வாந்தியைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒன்பதாவதில் பாறை மறைந்துவிட்டது. கண் தன்னால் கண்ணாடிக்குப் போயிற்று. மூன்றாம் சீட்டில் ஒரு வெங்காய மூட்டை உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான்.

கண்டக்டர், "கீழே போற வண்டி வரும், ஏத்தி விடட்டுமா சார்?" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை மட்டும் அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கடிதத்துக்கு ஒன்றும் ஆகாது, நேராக வந்து சேர்ந்துவிடும்.

என் பக்கத்தில் பையில்லை, பெட்டி இருக்கிறது. உன் நீலத் துணி, என் உடுப்பு, இரண்டு டம்ளர். பக்கத்து வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நம் வீட்டுச் சாவியை அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நான் "வா" என்று சொல்ல வரவில்லை. ஒரு தடவை ஏறவே இந்தப் பாடு, திரும்பி இறங்குகிற எண்ணம் எனக்கில்லை. தாளில் கையெழுத்தைப் போடு. மூன்று வருஷமும் நான் அந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஜன்னல் கொக்கியைச் சரி பண்ணுவேன்.

இன்னும் பதின்மூன்று வளைவு இருக்கிறது. வயிறு அடங்கினதும் நடக்கலாம் என்று பார்க்கிறேன். மெதுவாக நடந்தாலும் சாயங்காலம் மேகம் வருவதற்குள் வந்துவிடுவேன்.


ஜூலை 28

என்னங்க,

ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், வேறு தாள் தேட நேரமில்லை. பால் வண்டிக்காரர் இறங்குகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நடக்கக் கூடாது. அந்த பெஞ்சிலேயே உட்காருங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பதின்மூன்று வளைவு நடக்க நீங்கள் என்ன வாலிபனா? ஒரு பெண் வலியில் இருக்கிறாள், இரண்டு மணிக்குள் ஆகிவிடும். இரண்டரை மணி வண்டியில் நானே இறங்கி வருகிறேன். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மாலை வண்டியில் இரண்டு பேரும் ஏறுவோம். நீங்கள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். மூன்றாம் சீட்டு காலியாக இருந்தால் அங்கேயே. எலுமிச்சம்பழம் இரண்டு எடுத்துக்கொள்கிறேன், பையும் இரண்டு.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் கடிதத்தைத் தாளுக்கு அடியில் வைத்துத்தான் போட்டேன்.

உங்களைத் தேடி இறங்கினாலும் இந்த ரோடு என்னைச் சும்மா விடாது. பதினோராவது வளைவில் வாந்தி எடுத்துவிட்டு, வெளிறிய முகத்தோடுதான் உங்கள் முன்னால் வந்து நிற்பேன். பார்த்ததும் உங்களுக்குச் சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். இந்தத் தடவை நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.